அடிமாடுகளுக்குக் காப்பகம்: 3 ஏக்கரும் ஒரு கிணறும் போதுமா?

கேள்வி இதுதான்: “எனக்கு 45 வயது. தருமபுரி பக்கம் 3 ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் இருக்கிறது. அடிமாட்டுக்குப் போகும் மாடுகள், கைவிடப்பட்ட ஆடு, கோழி எல்லாவற்றையும் மீட்டு வைத்துக்கொள்ள ஒரு காப்பகம் தொடங்க ஆசை. பாலுக்கோ கறிக்கோ இல்லை, ஆயுசு முடியும்வரை அவை நிம்மதியாக இருக்க. எங்கிருந்து ஆரம்பிப்பது?”

தீவனத்திலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு காப்பகத்துக்குச் சில வருடம் தீவனமும் கணக்கும் பார்த்தவன் நான், அதனால் என் புத்தி முதலில் அங்கேதான் போகும். மீட்பது ஒரு நாள் வேலை. அதற்கப்புறம் 10 வருடமோ 15 வருடமோ தினமும் காலையில் அந்த மாடு உங்களைப் பார்த்துக் கத்தும். மாடு 20 வயதுவரை இருக்கும், ஆடு 12, 15 வருடம் இருக்கும். நீங்கள் தொடங்கப்போவது அந்த நீளத்துக்கான ஒரு குடும்பம், அதுவும் வருமானமே இல்லாத குடும்பம்.

கணக்கைப் பாருங்கள். 350 கிலோ எடையுள்ள கலப்பின மாடு ஒன்றுக்கு உடல் எடையில் இரண்டரை முதல் மூன்று சதவீதம்வரை உலர்தீவனம் வேண்டும், அதாவது ஈரம் போக 9, 10 கிலோ. நடைமுறையில் இது 20 கிலோ பசும்புல்லும் 5 கிலோ வைக்கோல் அல்லது சோளத்தட்டும். கறவை இல்லாததால் அடர்தீவனம் அதிகம் தேவையில்லை, நோஞ்சானுக்கும் கிழட்டு மாட்டுக்கும் கொஞ்சம் தவிடு, புண்ணாக்கு, எல்லாவற்றுக்கும் தாது உப்பு. 10 மாடு வைத்தால் வருடத்துக்கு 73 டன் புல், 18 டன் வைக்கோல். கோ-4 கம்பு நேப்பியர் என்ற தீவனப்புல் எக்டேருக்கு (ஏறத்தாழ இரண்டரை ஏக்கர்) வருடம் ஏறத்தாழ 380 டன் வரும் என்று வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிறது. அது நல்ல தண்ணீர், நல்ல எரு, நேரத்துக்கு அறுப்பு எல்லாம் இருக்கும்போது. நான் எப்போதும் அதில் பாதியைத்தான் கணக்கில் எடுப்பேன். பாதி என்றால் 1 ஏக்கர் புல் 10 மாட்டுக்குச் சரியாக இருக்கும். அந்த ஒரு ஏக்கருக்குச் சித்திரை, வைகாசியில் உங்கள் கிணறு பாய்ச்சுமா? பாய்ச்சினாலும், ஒரு மாடு நாளுக்கு 40 முதல் 60 லிட்டர் குடிக்கும், வெயில் காலத்தில் இன்னும் கூட. இந்த இரண்டுக்கும் சேர்த்துக் கிணறு எத்தனை மாட்டுக்குத் தாங்குமோ அதுதான் உங்கள் காப்பகத்தின் அளவு. நிலம் எத்தனை ஏக்கர் என்பது அப்புறம்தான்.

உங்கள் பக்கம் ஒரு வசதி உண்டு. கேழ்வரகுத் தாள் கிடைக்கும், அது நெல் வைக்கோலைவிடச் சத்தானது. சோளத்தட்டு, கடலைக்கொடியும் அறுவடைச் சமயத்தில் மலிவாக வாங்கி அடுக்கலாம். அறுவடை முடிந்த கையோடு வருடத் தேவையை வாங்குபவருக்கும், கோடையில் வாரா வாரம் வாங்குபவருக்கும் செலவில் இருக்கும் வித்தியாசத்தை நேரில் பார்த்தால்தான் நம்புவீர்கள். வரப்பில் அகத்தி, கிளரிசிடியா, வேலிமசால் போட்டு வையுங்கள், ஆடுகளுக்கு அது பெரிய உதவி.

இப்போது அடுத்த விஷயம், எல்லோரும் கேட்கப் பிடிக்காத விஷயம். “இடம் இல்லை” என்று சொல்லப் பழகுங்கள். காப்பகம் தொடங்கிய செய்தி பரவியதும் ராத்திரி கேட்டில் கன்றுக்குட்டியைக் கட்டிவிட்டுப் போவார்கள். பால் பண்ணையில் பிறக்கும் ஜெர்சி, எச்.எஃப். இனக் காளைக்கன்றுகளுக்கு உழவும் இல்லை வண்டியும் இல்லை, விலையும் இல்லை, அதனால் அவைதான் முதலில் வரும். ஒவ்வொன்றையும் பார்க்கும்போது மனசு கேட்காது. 10 மாட்டுக்குப் போட்ட தீவனத்தை 25 மாடு தின்னும்போது எல்லாமே எலும்பும் தோலுமாக நிற்கும், அப்புறம் நோய் வரும். மிருகவதை என்று ஊரார் புகார் கொடுத்த இடங்களில் சில, நல்ல மனசோடு தொடங்கிய காப்பகங்கள்தான். ஆகவே எண்ணிக்கையை முதலிலேயே எழுதி வைத்துவிடுங்கள், அதை மீறுவதானால் உங்களோடு இன்னும் இரண்டு பேர் சம்மதிக்க வேண்டும் என்று விதி போட்டுக்கொள்ளுங்கள். தனி ஆளாக முடிவெடுத்தால் நீங்கள் தோற்பது நிச்சயம், அந்தக் கன்று உங்களைப் பார்க்கும் பார்வை அப்படி.

சந்தையில் விலை கொடுத்து வாங்கி மீட்கலாமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். வேண்டாம் என்பது என் கருத்து. பொள்ளாச்சியிலோ மணப்பாறையிலோ நீங்கள் வியாபாரிக்குக் கொடுக்கும் காசு அடுத்த வாரம் இன்னொரு மாட்டை அதே சந்தைக்குக் கொண்டுவரும். உங்களுக்கு ஒரு மாடு, அவருக்கு ஒரு புது வாடிக்கையாளர், அவ்வளவுதான். அதே மாதிரி, ரோட்டில் மாட்டு லாரியை மறிக்கப் போகாதீர்கள். 1978-ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகள் சாதாரண சரக்கு லாரியில் 6 மாட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது என்கின்றன, மருத்துவச் சான்று வேண்டும், தண்ணீர், தீவனம் வேண்டும் என்கின்றன. அத்துமீறல் கண்ணில் பட்டால் வண்டி எண்ணோடு போலீஸுக்குச் சொல்லுங்கள், எழுத்தில் கொடுங்கள். மறித்து நிறுத்துவது உங்கள் வேலையும் இல்லை, உங்கள் உரிமையும் இல்லை. மாட்டின் பேரால் மனுஷனை அடித்த கதைகள் இந்த நாட்டில் போதும் போதும் என்கிற அளவுக்கு இருக்கின்றன. மாடு விற்கிற விவசாயியையும் வில்லனாகப் பார்க்காதீர்கள். மழை இல்லாத வருஷத்தில் தட்டு வாங்கக் காசில்லாமல்தான் பாதிப் பேர் விற்கிறார்கள்.

போலீஸ் பிடித்த மாடு உங்களிடம் வந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள், அது இன்னும் உங்கள் மாடு ஆகவில்லை. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி நீதிமன்றம் அதைப் பராமரிப்புக்கு ஒப்படைக்கிறது, வழக்கு முடியும்வரை அது வழக்குச் சொத்து. 2017-இல் இதற்கென்றே தனி விதிகள் வந்தன. பராமரிப்புச் செலவைக் குற்றம் சாட்டப்பட்ட தரப்பிடம் வசூலிக்க அதில் வழி இருக்கிறது. ஆனால் அந்தப் பணத்தை நம்பித் தீவனம் வாங்காதீர்கள், வந்தால் வரட்டும். வரும் அன்றே போட்டோ, எடை, காதுத் தோடு எண், மருத்துவர் அறிக்கை எல்லாம் எடுத்து ஒரு கோப்பில் போடுங்கள். அந்தக் காதுத் தோட்டின் 12 இலக்க எண்தான் நாளை நீதிமன்றத்தில் “இது அந்த மாடு” என்று சொல்லும்.

கோசாலைக்கும் நீங்கள் சொல்லும் காப்பகத்துக்கும் வித்தியாசம் இருப்பதால் உலகத்தில் இது எப்படித் தொடங்கியது என்று கொஞ்சம் சொல்கிறேன். அமெரிக்காவில் பெரிய பெயர் ஃபார்ம் சேங்சுவரி. 1986-இல் ஜீன் பவர், லாரி ஹூஸ்டன் என்ற இருவர் பென்சில்வேனியாவில் லங்காஸ்டர் மாட்டுச் சந்தைக்குப் பின்னால் செத்த விலங்குகளைக் குவித்திருந்த இடத்தில் உயிரோடு கிடந்த ஒரு பெட்டை ஆட்டைக் கண்டார்கள், செம்மறி. ஏற்றி வந்த வண்டியின் வெக்கையில் மயங்கி விழுந்ததைச் செத்தது என்று தூக்கி எறிந்திருந்தார்கள். மருத்துவரிடம் கொண்டுபோனதும் அது எழுந்து நின்றுவிட்டது. ஹில்டா என்று பெயர் வைத்தார்கள், அதற்கப்புறம் அது 10 வருஷத்துக்கு மேல் இருந்தது. இந்தக் கதை எல்லோருக்கும் பிடிக்கும், எனக்கும்தான். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அவர்களிடம் அப்போது நிலமே இல்லை. கிரேட்ஃபுல் டெட் இசைக்குழுவின் கச்சேரி நடக்கும் இடங்களுக்கு ஒரு வோக்ஸ்வாகன் வேனில் போய் சைவ ஹாட் டாக் விற்றுக் காசு சேர்த்தார்கள். நியூயார்க் மாநிலத்தில் வாட்கின்ஸ் கிளென் பக்கம் 175 ஏக்கர் பண்ணை வந்தது 1990 வாக்கில்தான். முதலில் வருமான வழி, அப்புறம் நிலம். நீங்கள் நிலத்தோடு நிற்கிறீர்கள், வருமான வழியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

அவர்களிடம் எடுத்துக்கொள்ள வேண்டிய இன்னொன்று, வந்த விலங்குகளை எல்லாம் தாங்களே வைத்துக்கொள்ளாமல் நம்பிக்கையான வீடுகளுக்குத் தத்துக் கொடுப்பது. நம் ஊரில் இதில் ஒரு சிக்கல் உண்டு. “உழவுக்கு வேண்டும், நன்றாகப் பார்த்துக்கொள்வேன்” என்று வாங்கிப்போன காளை அடுத்த வறட்சியில் அதே சந்தைக்கு வரும். தோடு எண் போட்டு ஒப்பந்தம் எழுதி, வருடத்துக்கு இரண்டு தடவையாவது சொல்லாமல் போய்ப் பார்க்க முடிந்தால் கொடுங்கள், இல்லையென்றால் வேண்டாம்.

இனப்பெருக்கம் கூடாது. கோசாலையில் கன்று ஈனுவது மங்கலம். உங்களிடம் ஒரு கன்று பிறந்தால் வெளியே காத்திருக்கும் ஒரு மாட்டின் இடம் போயிற்று. காளைக்கன்றுகளுக்கு உரிய வயதில் காயடித்துவிடுங்கள், பர்டிசோ இடுக்கி வைத்து அரசு கால்நடை மருந்தகத்திலேயே செய்வார்கள். கிடாவையும் பெட்டை ஆடுகளையும் ஒரே கொட்டகையில் விட்டால் ஒரு வருஷத்தில் மந்தை இரண்டு மடங்கு. சினையாக வந்த மாடு ஈன்றால் என்ன செய்வது, கன்று குடித்தது போக மிஞ்சும் பாலை என்ன செய்வது என்பதையும் முன்னாடியே முடிவு பண்ணுங்கள். பால் விற்க ஆரம்பித்தால் அடுத்த வருஷமும் பால் வேண்டும் என்ற எண்ணம் தானாக வரும்.

நோய் விஷயத்தில் ஒரே ஒரு சட்டம் வைத்துக்கொள்ளுங்கள்: புதிதாக வருவது எதுவும் நேராக மந்தைக்குள் போகக்கூடாது. குறைந்தது மூன்று வாரம் தனிக் கொட்டகை, தனித் தொட்டி, முடிந்தால் அங்கே வேலை பார்ப்பவரும் தனி ஆள். கோமாரி, தோல் கழலை நோய், ஆடுகளுக்கு ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி இவற்றுக்குத் தடுப்பூசி உண்டு, உங்கள் ஊர் மருந்தகத்தில் முகாம் எப்போது என்று கேட்டு வையுங்கள். கன்றுவீச்சு நோய்க்கு இரத்தப் பரிசோதனை அவசியம், அது மனுஷனுக்கும் தொற்றும். நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கு 1962 என்ற எண். ஆனாலும் ராத்திரி 11 மணிக்கு போன் எடுக்கிற ஒரு மருத்துவர் பழக்கம் இல்லாமல் காப்பகம் தொடங்காதீர்கள்.

பட்டினி கிடந்து வந்த மாட்டுக்கு முதல் நாளே ஆசையாக வயிறு முட்டப் போடாதீர்கள். காய்ந்த தட்டு, தண்ணீர், உப்பு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பசும்புல். இதைவிடப் பெரிய ஆபத்து கல்யாண வீட்டிலிருந்து வரும் அண்டா சோறு. வடித்த சோறும் சர்க்கரைப் பொங்கலும் நிறையப் போனால் மாட்டின் வயிற்றில் அமிலம் ஏறி ஒரே நாளில் படுத்துவிடும், காப்பாற்றுவது கஷ்டம். மாட்டுப் பொங்கல் அன்று பார்வையாளர்களை உள்ளே விட்டால் ஒருவர் அந்த வாசலிலேயே நின்று பாத்திரங்களை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

ரோட்டில் திரிந்து வந்த மாடு என்றால் வயிற்றில் பிளாஸ்டிக் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். புட்டபர்த்தியில் இருக்கும் கருணா சொசைட்டி இப்படி வந்த மாடுகளுக்கு அறுவை செய்து பிளாஸ்டிக்கை வெளியே எடுத்து, அதைக் காட்டியே 2012-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஒரு மாட்டிலிருந்து 20, 30 கிலோ எடுப்பதெல்லாம் அரிய செய்தி இல்லை. மருந்து கொடுத்து இது கரையாது, வயிற்றைத் திறந்துதான் ஆக வேண்டும். வயிறு உப்பியபடி, ஆனால் முதுகெலும்பு தெரிய மெலிந்த மாடு வந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகும் செலவையும் சேர்த்தே அதை ஏற்றுக்கொள்கிறீர்கள் என்று பொருள்.

கால் ஒடிந்து, எழ முடியாமல் வரும் மாடுகள் தனி. சிமெண்ட் தரையில் போட்டால் இரண்டு நாளில் இடுப்பெலும்பு மேல் புண். மணலும் வைக்கோலும் தடிமனாகப் பரப்பி, சில மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போட வேண்டும், ராத்திரியும்தான். அதற்கு நான்கு ஆள் பலம் வேண்டும். இனி எழாது, வலி மட்டும்தான் மிச்சம் என்று மருத்துவர் சொல்லும்போது என்ன செய்வது என்பதை இப்போதே அவரோடு உட்கார்ந்து பேசி எழுதி வையுங்கள். சட்டம் அதற்கு இடம் தருகிறது. உங்கள் மனம் இடம் தருமா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும், அந்த நேரத்தில் யோசிக்க ஆரம்பித்தால் அவதி மாட்டுக்கு.

கோழியைப் பற்றி எழுதும்போது “அது சுலபம்தானே” என்ற தொனி தெரிந்தது. அது அப்படி இல்லை. பிராய்லர் 6 வாரத்தில் வெட்டுவதற்காக உருவாக்கிய உடம்பு. அதற்குமேல் வைத்தால் கால் தாங்காது, இதயம் தாங்காது. தீனியை அளந்து போட்டு, மேய விட்டு வளர்த்தால் கொஞ்ச காலம் கூடுதலாக இருக்கும். முட்டைக்கோழி வருடத்துக்கு 300 முட்டைக்கு மேல் இடுகிறது. அதன் காட்டு மூதாதை ஒரு வருடத்தில் இட்டது ஏறத்தாழ ஒரு டஜன்தான். அந்த வேகத்தில் எலும்பிலிருக்கும் சுண்ணாம்புச் சத்தெல்லாம் ஓட்டுக்குப் போய்விடும், முட்டைப்பையில் கோளாறும் வரும். கிளிஞ்சல் தூள் போடுங்கள், முட்டையை உடைத்து அவற்றுக்கே திருப்பிக் கொடுங்கள். வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி கட்டாயம். நாமக்கல் பண்ணைகள் அதிகத் தூரத்தில் இல்லை, அங்கே வேலை செய்பவர் யாரும் அதே செருப்போடு உங்கள் கோழிக் கொட்டகைக்குள் வரக்கூடாது. ஆட்டுக் கொட்டகையை ராத்திரிக்கு வலை போட்டு நான்கு பக்கமும் மூடுங்கள், கூட்டமாக வரும் தெருநாய் ஒரே இரவில் பட்டியையே காலி செய்துவிடும்.

செத்ததைப் புதைக்க இடம் ஒதுக்குங்கள், கிணற்றிலிருந்து நன்றாகத் தள்ளி. ஆழமான குழி, மேலே சுண்ணாம்பு. திடீரென்று செத்து மூக்கிலும் ஆசனவாயிலும் கறுத்த ரத்தம் வந்திருந்தால் தொடாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள், அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம், உடலை அறுக்கவே கூடாது. வலி மருந்தில் டைக்ளோஃபினாக் கால்நடைக்கு 2006-லேயே தடை, 2023-இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக்கும் சேர்ந்தன, எல்லாம், மருந்து போட்ட மாட்டின் பிணத்தைத் தின்னும் கழுகுகளைக் கொன்றதால். மெலாக்சிகாம் கேளுங்கள்.

சரி, பதிவும் பணமும். டிரஸ்டாகப் பதியலாம், அல்லது சங்கமாக. கணக்கு ஒழுங்காக இருந்தால் வருமான வரித்துறையில் நன்கொடைக்கான வரிச் சலுகைப் பதிவு வாங்கலாம், கொடுப்பவர்களுக்கு வரிச் சலுகை என்றதும் கொஞ்சம் தாராளமாக வரும். இந்திய விலங்கு நல வாரியத்தின் அங்கீகாரத்துக்கும் விண்ணப்பியுங்கள். 1962-இல் ருக்மிணி தேவி அருண்டேல் தலைமையில் அமைந்த வாரியம், பல வருடம் சென்னையில்தான் இருந்தது, இப்போது ஹரியானாவில் இருக்கிறது. வெளிநாட்டுப் பணத்தில் மட்டும் மிக ஜாக்கிரதை. சிங்கப்பூரில் இருக்கும் உங்கள் மச்சான் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் அவர் வங்கி வழியாக அனுப்பும் சொந்தப் பணம் பிரச்சினை இல்லை. அவர் அந்த நாட்டுக் குடிமகன் ஆகிவிட்டிருந்தால், இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான், வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படியான எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இல்லாமல் வாங்கக்கூடாது. அந்தப் பதிவுக்கு அமைப்பு தொடங்கி 3 வருடமாவது ஆகியிருக்க வேண்டும்.

பணத்தில் பெரிய நன்கொடையைவிட மாதா மாதம் வரும் சின்னத் தொகைதான் காப்பாற்றும். ஒரு மாட்டுக்கு ஒரு மாதத் தீவனம் என்று பங்கு பிரித்து, அந்த மாட்டின் படத்தையும் செய்தியையும் தவறாமல் அனுப்புங்கள். குறைந்தது 6 மாதத் தீவனச் செலவு வங்கியில் சேரும்வரை முதல் மாட்டை இறக்க வேண்டாம். இறக்கும்போதும் மூன்றோ நான்கோ போதும், ஒரு முழுக் கோடையையும் ஒரு முழு மழைக்காலத்தையும் அவற்றோடு கடந்துவிட்டு அடுத்ததை யோசியுங்கள்.

ஆள் விஷயம். மாட்டோடே வளர்ந்த உள்ளூர்க்காரர் ஒருவரைச் சரியான சம்பளத்தில் வையுங்கள். மாடு அசை போடவில்லை, காது சில்லென்று இருக்கிறது என்பதை அவர் கொட்டகைக்குள் நுழையும்போதே கண்டுபிடிப்பார், நமக்கு மறுநாள்தான் தெரியும். ஆர்வத்தில் வரும் இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமை சாணி அள்ளட்டும், நல்லதுதான். தீபாவளி அன்று காலை தீவனம் வைப்பது அவர்கள் இல்லை.

கடைசியாக நிலப் பத்திரம். நிலம் உங்கள் பெயரில் இருக்கிறதா, அண்ணன் தம்பிகளோடு கூட்டுப் பட்டாவா? டிரஸ்டுக்கு எழுதி வைக்கப்போகிறீர்களா, நீண்ட கால குத்தகைக்கா? உங்களுக்கு 45 வயது என்று எழுதியிருக்கிறீர்கள், இன்று 2 வயதில் வரும் கன்று உங்கள் 60-ஐத் தாண்டியும் இருக்கும். நீங்கள் இல்லாவிட்டால் விலங்குகள் யாரிடம் போக வேண்டும், எந்தக் காரணத்துக்கும் விற்கக்கூடாது என்பதை டிரஸ்ட் பத்திரத்திலேயே எழுதுங்கள், உங்களைவிட இளையவர் ஒருவரையாவது அறங்காவலராகப் போடுங்கள். வீட்டில் இதற்கு எல்லோரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட பிறகு கொட்டகைக்குக் கடைக்கால் தோண்டலாம்.